இணைவு உலையின் இணைப்புகளில் எஞ்சும் தகைவு: தாள் கணக்கு முதல் அளவீடு வரை முழுமையான வழிகாட்டி

மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? மரச் சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் சிறியதாகப் பட்டையை வளைத்து, நெருப்பில் சிவக்கச் சூடாக்கி, அது விரிந்திருக்கும்போதே சக்கரத்தின்மேல் ஏற்றித் தண்ணீரை ஊற்றுவார்கள். பட்டை சுருங்கும், மரம் முனகும், வட்டையும் ஆரக்காலும் குடமும் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு வெளியிலிருந்து யாரும் அழுத்துவதும் இல்லை, இழுப்பதும் இல்லை. ஆனாலும் பட்டைக்குள் இழுவையும் மரத்துக்குள் அமுக்கமும் அந்தச் சக்கரம் இருக்கும்வரை இருக்கும். வெளிச்சுமை இல்லாமல் பொருளுக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிற இதற்குத்தான் எஞ்சிய தகைவு என்று பெயர். பட்டறையில் ரெசிடுவல் ஸ்ட்ரெஸ் என்பார்கள்.

கொல்லர் அதை வேண்டுமென்றே வைத்தார். வெல்டிங்கிலும், ஃபில்லர் என்ற இன்னொரு உலோகத்தை நடுவில் உருக்கி ஒட்டும் பிரேசிங்கிலும் நாம் கேட்காமலேயே அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. சாதாரண வேலையில் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம், ஆனால் அணுக்கரு இணைவு உலையில் அப்படி விட முடியாது. தெற்கு பிரான்சில் கடராஷ் என்ற இடத்தில் கட்டப்பட்டு வரும் ஐடெர் என்ற பன்னாட்டுச் சோதனை உலையின் டைவர்ட்டரை, அதாவது பிளாஸ்மாவின் வெப்பத்தையும் கழிவையும் வாங்கிக்கொள்ளும் அடிப்பகுதியை, எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டங்ஸ்டன் முகத்தின்மேல் ஒரு சதுர மீட்டருக்கு 10 மெகாவாட் வெப்பம் தொடர்ந்து விழும், சில நேரம் 20 மெகாவாட் வரைகூடப் போகும். அதற்குச் சில மில்லிமீட்டர் பின்னால் சுமார் 70 டிகிரியில் உள்ளே வரும் குளிர்நீர் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது இணைப்பு மட்டும்தான். அது ஒரு ஓரத்தில் பிரிந்தாலும் வெப்பம் கடக்க வழியின்றி டங்ஸ்டன் உருகத் தொடங்கும், அல்லது குழாய் விரிசல் விட்டு வெற்றிடத்துக்குள் தண்ணீர் கசியும்.

பொறியியல் படித்து இந்தத் துறைக்குள் நுழைபவர்களையும், வெல்டிங் தெரிந்து இணைவு உலைப் பக்கம் எட்டிப்பார்ப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சூத்திரங்கள் குறைவு, ஆனால் எண்கள் உண்டு.

படி 1: உங்களிடம் இருப்பது எந்த வகைத் தகைவு?

இந்தக் கேள்வியைத் தாண்டி ஓடுபவர்கள்தான் பிறகு மாதக்கணக்கில் அலைகிறார்கள், அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

ஒரே உலோகத்தை அதே உலோகத்தோடு வெல்டு செய்யும்போது தகைவு எப்படி வருகிறது? உருகிய பகுதி ஆறிச் சுருங்கப் பார்க்கிறது. சுற்றியிருக்கும் குளிர்ந்த உலோகம் விட மாட்டேன் என்கிறது. சுருங்க முடியாத வெல்டு இழுவையில் மாட்டிக்கொள்கிறது, அதை ஈடுகட்டச் சற்றுத் தள்ளியிருக்கும் பகுதி அமுக்கத்துக்குப் போகிறது. இது வரலாற்றால் வந்த தகைவு. அந்த இடம் ஒருமுறை சமமில்லாமல் சூடாகி ஆறியதன் தழும்பு. முழுத் துண்டையும் சீராகச் சூடாக்கி, உலோகம் மெல்லத் தளரவிட்டு, சீராக ஆற்றினால் தழும்பு பெருமளவு மறைந்துவிடும். ஸ்ட்ரெஸ் ரிலீவிங் வேலை செய்வது இப்படித்தான்.

டங்ஸ்டனைத் தாமிரத்தோடோ எஃகோடோ பிரேசிங் செய்யும்போது கதை வேறு. டங்ஸ்டன் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் சுமார் 4.5 மைக்ரோமீட்டர் விரியும். தாமிரம் 17 மைக்ரோமீட்டர் அளவுக்கு விரியும், 9 சதவீதக் குரோமியம் உள்ள எஃகு 11 முதல் 12 வரை. சூட்டில் ஒட்டி வைத்த இருவரும் ஆறும்போது ஆளுக்கொரு அளவு சுருங்கப் பார்க்கிறார்கள். இந்தத் தகைவு பிறவிக் குணம். 750 டிகிரிக்கு எடுத்துப்போய் மணிக்கணக்கில் வைத்துத் தளர்த்தினாலும், அறை வெப்பநிலைக்கு இறங்கும் வழியில் 720 டிகிரி வித்தியாசத்துக்கான தகைவு திரும்பவும் ஏறிக்கொள்ளும். நாய் வாலை நிமிர்த்துகிற வேலைதான் அது.

பிரேசிங் செய்த டங்ஸ்டன் துண்டுக்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஸ்ட்ரெஸ் ரிலீவிங் எழுதி வைத்த வரைபடங்களைப் பார்த்திருக்கிறேன். எஃகின் கடினத்தைக் குறைக்க அது தேவைப்படலாம், அது வேறு விஷயம். விரிவு வித்தியாசத்தால் வந்த தகைவை அது அழிக்காது. அதிகபட்சம், எந்த வெப்பநிலையில் தகைவு பூஜ்யமாக இருக்கிறதோ அந்தப் புள்ளியை 1,100 டிகிரியிலிருந்து 750 டிகிரிக்கு இறக்கும். அந்த அளவுக்குப் பலன் உண்டு, மறுக்கவில்லை.

ஆக முதல் வேலை, துண்டின் ஒவ்வொரு இணைப்புக்கும் எதிரே 'வரலாறு' அல்லது 'பிறவி' என்று எழுதிக்கொள்வது. யூரோஃபர் என்ற 9 குரோமிய எஃகை 316எல் என்ற துருப்பிடிக்காத எஃகோடு வெல்டு செய்வது போன்ற சிலவற்றில் இரண்டும் கலந்தே இருக்கும்.

படி 2: கணினியைத் திறக்கும் முன் தாளில் ஒரு கணக்கு

விரிவுக் குணகங்களின் வித்தியாசத்தை வெப்பநிலை இறக்கத்தால் பெருக்குங்கள், திரிபு (நீளம் மாறும் விகிதம்) வந்துவிடும். அதை யங் குணகத்தால் (பொருளின் விறைப்பு) பெருக்கினால், ஒருவர் துளியும் அசையாமல் நின்று மற்றவர் முழுக்க இழுபட்டால் வரும் தகைவு. இரண்டு திசையிலும் கட்டுண்ட பரப்பு என்றால் அதை 0.7-ஆல் வகுக்க வேண்டும், பாய்சான் விகிதம் (ஒரு திசையில் இழுத்தால் குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்பது) 0.3 என்று எடுத்துக்கொண்டதால்.

டங்ஸ்டனும் 9 குரோமிய எஃகும், பிரேசிங் 1,100 டிகிரியில். வித்தியாசம் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 7, இறக்கம் சுமார் 1,070 டிகிரி. திரிபு 0.75 சதவீதம். எஃகின் யங் குணகம் 200 கிகாபாஸ்கல் என்றால் 1,500 மெகாபாஸ்கல், இரு திசைக் கட்டு என்றால் 2,100. அந்த எஃகு அறை வெப்பநிலையில் ஈல்டு ஆவதோ, அதாவது நிரந்தரமாக உருமாறத் தொடங்குவதோ, 550 மெகாபாஸ்கலை ஒட்டி.

இந்த 2,100 துண்டுக்குள் எங்கும் நிஜமாக இருக்காது. அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான், மீள்தன்மை எல்லைக்குள் இந்த இணைப்பு நிற்க முடியாது, யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எஃகு ஈல்டு ஆகலாம், ஃபில்லர் இழுபடலாம், இவை எதுவும் நடக்காவிட்டால் டங்ஸ்டன் விரிசல் விடும். அறை வெப்பநிலையில் டங்ஸ்டன் கண்ணாடி மாதிரி. சில நூறு டிகிரிக்கு மேலே போனால்தான் அதற்கு வளையும் குணம் வருகிறது. அதனால் ஒவ்வொரு இணைப்பையும் பார்த்து நான் கேட்கும் கேள்வி ஒன்று: ஆறும்போது இங்கே விட்டுக்கொடுப்பது யார்? பதில் 'டங்ஸ்டன்' என்று வந்தால் வடிவமைப்பை மாற்றுங்கள்.

இதே கணக்கை ஒரே உலோக வெல்டுக்கும் போடலாம். 316எல் வகை எஃகு 220 மெகாபாஸ்கலில் ஈல்டு ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான திரிபு 0.11 சதவீதம். முழுக்கக் கட்டுண்ட நிலையில் அந்தத் திரிபை உண்டாக்க எத்தனை டிகிரி ஆறினால் போதும் தெரியுமா? 70 டிகிரிகூட வேண்டாம். 1,400 டிகிரியில் உறைகிற உலோகத்துக்கு 70 டிகிரி ஒரு பொருட்டே இல்லை. கொஞ்சம் பிரீஹீட் கொடுத்தால் வெல்டின் தகைவு போய்விடும் என்ற நம்பிக்கை ஏன் பலிப்பதில்லை என்பது இந்த ஒரு எண்ணிலேயே தெரிகிறது. வெல்டு எப்படியும் ஈல்டு அளவு இழுவையில்தான் போய் நிற்கும். பல பாஸ் (வெல்டு அடுக்கு) போட்ட ஆஸ்டெனிட்டிக் வெல்டில், அதாவது 316எல் வகை எஃகின் வெல்டில், திரும்பத் திரும்ப இழுபட்டு உலோகம் கடினமாகிவிடுவதால், அடிப்படை உலோகத்தின் ஈல்டையும் தாண்டிய தகைவு இருக்கும். அளந்து பார்த்துவிட்டுத் தவறோ என்று பயப்படாதீர்கள்.

படி 3: வடிவம்

வண்டிச் சக்கரத்தை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே அதிகம் சுருங்குகிற இரும்பு வெளியே இருக்கிறது, அதனால் ஆற ஆற இடைமுகம் இறுகுகிறது. ஐடெரின் டங்ஸ்டன் கட்டி இதற்கு நேர் எதிர். சுமார் 28 மில்லிமீட்டர் அகலமும் 12 மில்லிமீட்டர் நீளமும் உள்ள டங்ஸ்டன் கட்டியில் துளையிட்டு, அதற்குள் தாமிரம்-குரோமியம்-சிர்க்கோனியம் கலவைக் குழாயை வைத்து இணைக்கிறார்கள். குழாயின் உள்விட்டம் 12 மில்லிமீட்டர், சுவர் ஒன்றரை மில்லிமீட்டர். அதிகம் சுருங்குகிறவர் உள்ளே! ஆறும்போது குழாய் துளைச் சுவரைவிட்டு விலகப் பார்க்கிறது. இடைமுகத்தில் ஆர திசையில் இழுவை, குழாயைச் சுற்றியும் இழுவை, அவர் பிடித்து இழுப்பதால் டங்ஸ்டனுக்கு வளையத் திசையில் அமுக்கம்.

அப்படியானால் ஏன் இந்த வடிவம்? தட்டையான டைலைத் தட்டையான அடித்தளத்தில் ஒட்டினால் நான்கு பக்கமும் திறந்த ஓரம். தகைவு எகிறுவது இடைமுகம் வெளிக்காற்றைத் தொடும் அந்த ஓரத்தில்தான். டைலின் நடுவில் டங்ஸ்டன் அமுக்கத்தில் நிம்மதியாக இருக்கும், ஓரத்துக்குப் போனால் இடைமுகத்துக்குச் செங்குத்தாக அதை இழுவை பிடிக்கும். விரிசல் பிறக்கும் இடம் அது. அங்கே பிறந்த விரிசல் உள்ளே ஓடினால் டைல் அப்படியே கழன்று விழும். துளையிட்ட கட்டியில் ஓரம் பிரிந்தாலும் கட்டி குழாயைச் சுற்றி மாட்டியே இருக்கும், விழாது. இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அந்த வடிவத்தின்மேல் மரியாதை.

நடைமுறையில் செய்ய வேண்டியவை: பெரிய டைலைச் சிறு கட்டங்களாக வெட்டுங்கள். திறந்த ஓரத்திலிருந்து உள்ளே போகப் போகத்தான் தளத் தகைவு ஏறும், அகலம் சிறிதானால் ஏற இடம் கிடைக்காது. கூர்மையான மூலைகளை மழுக்குங்கள். ஃபில்லர் வழிந்து ஓரத்தில் சிறு வளைவாக நிற்பதைப் பார்த்தவுடன் அரத்தை எடுக்காதீர்கள், பல நேரம் அது நல்லது செய்கிறது.

படி 4: நடுவில் யாரை உட்கார வைப்பது

சண்டை போடும் இருவருக்கு நடுவே உட்கார ஒருவர் வேண்டும். அவர் சாதுவாக இருக்கலாம், அல்லது இருவருக்கும் பாதி பாதி உறவாக இருக்கலாம். இடைப்படலத்துக்கும் இந்த இரண்டு வழிதான்.

சாது என்றால் தூய தாமிரம். டங்ஸ்டனுக்கும் தாமிரத்துக்கும் வித்தியாசம் 12.5, இறக்கம் 900 டிகிரி என்றால் திரிபு ஒரு சதவீதத்துக்கு மேல். பதற வேண்டாம், பதமாக்கிய தூய தாமிரம் சில பத்து மெகாபாஸ்கலிலேயே ஈல்டு ஆகிவிடும். ஒரு சதவீதம் இழுபட்டுப்போ என்றால் சத்தமில்லாமல் இழுபட்டுக்கொள்ளும், டங்ஸ்டனுக்கு அந்தச் சில பத்து மெகாபாஸ்கலுக்கு மேல் சுமை ஏற்றாது. ஐடெர் கட்டியில் டங்ஸ்டனுக்கும் குழாய்க்கும் நடுவே சுமார் ஒரு மில்லிமீட்டர் தாமிரம் இருப்பது இதற்குத்தான். இதன் விலை என்ன? உலையின் ஒவ்வொரு துடிப்புக்கும் (ஒருமுறை ஓடி நிற்பதற்கும்) அந்தத் தாமிரம் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அமுங்குகிறது. குறைந்த சுற்றுகளிலேயே களைத்து உடைகிற நிலைக்கு அது போகுமா என்பதைக் கணக்கில் கொண்டுவந்தே ஆக வேண்டும். அப்புறம் நியூட்ரான் அடி தாமிரத்தைக் கடினமாக்கிவிடும், சாதுவின் சாதுத்தன்மை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்.

பாதி உறவு என்றால் வனேடியம். அதன் விரிவு 8.5-ஐ ஒட்டி, டங்ஸ்டனுக்கும் எஃகுக்கும் நடுவில். நீண்ட காலக் கதிரியக்கம் மிச்சம் வைக்காத தனிமம் என்பதால் ஐடெருக்கு அடுத்த கட்டமாகத் திட்டமிடப்படும் டெமோ மாதிரியான எதிர்கால உலைகளுக்கும் ஒத்துப்போகும். சிக்கல் எங்கே வரும் என்றால், எஃகிலிருக்கும் கார்பன் சூட்டில் வனேடியத்தை நோக்கி நகர்ந்து எல்லையில் கார்பைடு படலமாக உட்கார்ந்துகொள்ளும். அது நொறுங்கும். அதனால் வெப்பநிலையும் நேரமும் குறைவாக இருக்க வேண்டும். டங்ஸ்டன் விகிதத்தைப் படிப்படியாகக் குறைத்து எஃகாக மாற்றும் படிநிலைப் படலங்களும் ஆய்வில் உண்டு. தாளில் அழகாக இருக்கும், செய்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

படி 5: ஃபில்லர், அதாவது என்ன போடக்கூடாது

தகைவை மட்டும் பார்த்தால் வெள்ளிப் பிரேசிங்தான் சிறந்தது, மென்மையானது, குறைந்த வெப்பத்தில் ஓடும். இணைவு உலையில் அதைத் தவிர்க்கிறார்கள், ஏனென்றால் நியூட்ரான் பட்டால் வெள்ளியின் ஒரு பகுதி காட்மியமாக மாறும், காட்மியம் வெற்றிடத்தில் ஆவியாகித் தொல்லை தரும். தங்கம் பாதரசமாக மாறும். துத்தநாகமும் ஆவியாகும் என்பதால் அதுவும் கிடையாது. உருகுநிலையை இறக்கப் பல ஃபில்லர்களில் போரான் சேர்ப்பார்கள், போரான்-10 நியூட்ரானைப் பிடித்து ஹீலியம் தரும். நிக்கல் அதிகமென்றால் கதிரியக்க மிச்சமும் ஹீலியமும் அதிகம். ஐடெர் அளவுக்கான வேலையில் நிக்கல்-தாமிரம்-மாங்கனீசு ஃபில்லர் பயன்பட்டிருக்கிறது, அங்கே நியூட்ரான் அளவு டெமோவைவிடக் குறைவு. டெமோவுக்கு வந்தால் தூய தாமிரம், இரும்பு அல்லது டைட்டானியம் அடிப்படை என்று பட்டியல் சுருங்கிவிடுகிறது. இவற்றில் பல கடினமாகவே உறையும். கதிரியக்கத்துக்காக ஒன்றை ஏற்றால் தகைவில் ஒன்றை இழக்கிறீர்கள் என்று தெரிந்தே தேர்ந்தெடுங்கள்.

படி 6: உலைச் சுற்று

தகைவு பிறப்பது ஆறும்போது. ஏற்றும் வேகத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு ஆற்றுவதற்கு 'ஃபர்னஸ் கூல்' என்று ஒரு வரி எழுதும் பழக்கத்தை விடுங்கள்.

மெதுவாக ஆற்றினால் சூட்டிலேயே ஃபில்லரும் தாமிரமும் ஊர்ந்து தளரும், தகைவு குறையும். ஆனால் தாமிரம்-குரோமியம்-சிர்க்கோனியம் குழாய் அதற்கு ஒத்துழைக்காது. அதன் வலிமையே 970, 980 டிகிரியிலிருந்து வேகமாக ஆற்றி, பிறகு 475 முதல் 480 டிகிரியில் முதிர வைப்பதில்தான் இருக்கிறது. மெதுவாக ஆற்றினால் குழாய் தொளதொளவென்று ஆகிவிடும். வாயு ஊதி வேகமாக ஆற்றினால் குழாய் பிழைக்கும், டங்ஸ்டன் வெப்ப அதிர்ச்சி வாங்கும். இந்த இழுபறிக்கு எனக்குப் பிடித்த விடை, இத்தாலியின் எனேயா நிறுவனம் எடுத்துவந்த ஆர திசைச் சூட்டு அழுத்த முறை. முதலில் டங்ஸ்டன் துளையில் தாமிரத்தை வார்த்துவிடுகிறார்கள். பிறகு குழாயை உள்ளே விட்டு, 600 டிகிரியை ஒட்டிய சூட்டில் குழாயின் உள்ளிருந்து அழுத்தம் கொடுத்து ஒட்ட வைக்கிறார்கள். 980 டிகிரிக்குப் பதில் 600 என்றால் பிறவித் தகைவுக்கான இறக்கமும் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது, குழாயின் வலிமையும் கெடுவதில்லை.

எஃகுப் பக்கத்தில் யூரோஃபர்97 இருந்தால் பிரேசிங் சுற்றையே அதன் வெப்பப் பதப்படுத்தலோடு சேர்த்துவிடலாம், பிறகு 750 டிகிரியை ஒட்டி டெம்பரிங் (கடினத்தைத் தணிக்கும் மறுசூடேற்றம்) கொடுத்துவிட்டால் எஃகின் குணம் திரும்பும்.

படி 7: வெல்டிங் பக்கம்

இங்கே இரண்டு எஃகு, இரண்டு குணம்.

ஐடெரின் வெற்றிடக் கலம் 316எல் வகை ஆஸ்டெனிட்டிக் எஃகு. ஒவ்வொன்றும் சுமார் 440 டன் எடையுள்ள 9 துண்டுகளாகச் செய்து, ஒன்றோடொன்று பற்றவைத்து வளையமாக்க வேண்டும். அதை எந்த உலைக்குள் வைத்து ஸ்ட்ரெஸ் ரிலீவிங் செய்வது? முடியாது. தகைவோடுதான் வாழ வேண்டும். நல்லவேளை, அந்த எஃகு நன்றாக நீளும், தகைவால் மட்டும் சட்டென்று உடையாது. அங்கே நிஜமான தலைவலி கோணல். தகைவும் கோணலும் அண்ணன் தம்பி மாதிரி, ஜிக் போட்டு அசையாமல் பிடித்தால் கோணல் குறையும் தகைவு ஏறும், விட்டுப்பிடித்தால் தகைவு குறையும் கோணல் ஏறும். 2022-இல் ஐடெரே வெளிப்படையாகச் சொன்ன சிக்கல்களில் ஒன்று, கலத் துண்டுகள் சேரும் விளிம்புகளின் அளவுகள் விலகியிருந்தது. ஆட்டோமேட்டிக் வெல்டிங் கருவிக்கு அந்த விலகல் ஒத்துவராது, சரிசெய்ய வேண்டியதாயிற்று.

செய்யக்கூடியவை நமக்குத் தெரிந்தவைதான். வெல்டு உலோகத்தின் அளவைக் குறைக்கக் குறுகிய இடைவெளி டிக் அல்லது எலக்ட்ரான் கற்றை வெல்டிங், இருபுறமும் மாறி மாறிப் பாஸ், எதிர்த் திசையில் முன்கூட்டியே சிறு வளைவு, டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) போட்ட பிறகு ஒருமுறை, பாதியில் ஒருமுறை என்று அளவெடுத்துக்கொண்டே போவது.

9 குரோமிய எஃகின் குணம் வேறு. திருச்சிப் பக்கம் பாய்லர் வேலையில் பி91 குழாய் பற்றவைத்தவர்களுக்கு இது கைப்பழக்கம், இணைவு உலைக்கான எஃகுகள் அதன் சொந்தக்காரர்கள்தான். மாலிப்டினம், நியோபியம் போன்றவற்றை எடுத்துவிட்டு டங்ஸ்டனும் டான்டலமும் போட்டவை. இந்தியாவின் இன்-ஆர்ஏஎஃப்எம் எஃகை உருவாக்கியதில் கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துக்குப் பங்கு உண்டு. இந்த எஃகு ஆறும்போது 400 டிகிரியை ஒட்டி மார்ட்டன்சைட் என்ற கடினமான படிக அமைப்பாக மாறத் தொடங்குகிறது, மாறும்போது கொஞ்சம் பருக்கிறது. அதுவரை சேர்ந்த இழுவையை அந்தப் பருத்தல் தின்றுவிடும். அதனால் கடைசிப் பாஸில் இழுவை குறைவாகவோ அமுக்கமாகவோ இருக்கும், உச்ச இழுவை வெப்பம் தாக்கிய பகுதிக்கும் அதற்குக் கீழுள்ள பாஸ்களுக்கும் நகர்ந்துவிடும். வெல்டின் நடு மேற்பரப்பில் மட்டும் அளந்துவிட்டு 'தகைவே இல்லை' என்று எழுதுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இந்த எஃகுக்கு வெல்டுக்குப் பிந்தைய சூடேற்றம் கட்டாயம், சுமார் 730 முதல் 760 டிகிரி. அதற்கு முன் வெல்டு 100 டிகிரி அளவுக்கு இறங்கி மார்ட்டன்சைட் மாற்றம் முடிந்திருக்க வேண்டும். அவசரப்பட்டு நேராக உலைக்குப் போனால் மாறாமல் மிச்சமிருந்த பகுதி, சூடேற்றம் முடிந்து ஆறும்போது பதப்படாத கடின மார்ட்டன்சைட்டாக மாறி உட்காரும். பேப்பரில் எல்லாம் சரியாக இருக்கும், துண்டு கெட்டிருக்கும்.

படி 8: அளப்பது

ஒரே ஒரு முறையில் அளந்த தகைவை நம்பாதீர்கள். இது கண்டிப்பு.

துளை முறைதான் எளிது. மேற்பரப்பில் ஸ்ட்ரெயின் கேஜ் (திரிபை அளக்கும் சிறு உணரி) ஒட்டி, நடுவில் சுமார் 2 மில்லிமீட்டர் விட்டத்தில் சிறு சிறு ஆழமாகத் துளையிட்டு, தளரும் திரிபை வைத்துக் கணக்கிடுவது. ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் கிடைக்கும். தகைவு ஈல்டை நெருங்கினால் துளையைச் சுற்றி உலோகம் நிரந்தரமாக உருமாறி, விடை நிஜத்தைவிடப் பெரிதாக வரும். வெல்டில் பெரும்பாலும் ஈல்டை ஒட்டித்தான் இருக்கும் என்று மேலே பார்த்தோம், ஆக எச்சரிக்கை.

எக்ஸ்ரே முறை சில மைக்ரோமீட்டர் ஆழத்தைத்தான் பார்க்கும், டங்ஸ்டனில் இன்னும் குறைவு. அரைத்த மேற்பரப்பில் அளந்தால் அரைத்ததால் வந்த தகைவைத்தான் அளந்திருப்பீர்கள்.

உள்ளே பார்க்க நியூட்ரான் வேண்டும். இங்கிலாந்தின் ஐசிஸ் மையத்தில் என்ஜின்-எக்ஸ், பிரான்சின் கிரெனோபிளில் சால்சா, இரண்டும் இதற்கென்றே உள்ள கருவிகள். படிகத் தளங்களின் இடைவெளியை அளந்து திரிபைக் கண்டுபிடிக்கிறார்கள், எஃகில் சில சென்டிமீட்டர் ஆழம்வரை போகலாம். திரிபில் பத்து லட்சத்தில் 50 பிழை வந்தால் எஃகில் 10 மெகாபாஸ்கல், அது நல்ல துல்லியம்தான். ஆனால் இந்த முறையின் உயிர் தகைவில்லாத நிலையின் தள இடைவெளியில் இருக்கிறது. வெல்டுக்குள்ளும் ஃபில்லர் பரவிய பகுதியிலும் வேதிச்சேர்க்கையே மாறுவதால் அந்த இடைவெளியும் இடத்துக்கு இடம் மாறும். வெல்டின் குறுக்கே ஒரு தகட்டைச் சீப்புப் பல்லாக வெட்டி, தகைவு தளர்ந்த பற்களில் அதே இடங்களை அளந்து ஒப்பிட வேண்டும். இதை விட்டவர்களின் படங்களில் வெல்டு நடுவே நூற்றுக்கணக்கான மெகாபாஸ்கல் திடீரென்று முளைக்கும், அது வேதியியல். டங்ஸ்டன் நியூட்ரானை நன்றாக உறிஞ்சும் என்பதையும் மறக்காதீர்கள், தடித்த கட்டியில் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும்.

துண்டைப் பலி கொடுக்கத் தயார் என்றால் கான்டூர் முறை அருமை. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் மைக் பிரைம் 2001-இல் வெளியிட்டது. வயர் கட்டிங்கில் (மின்பொறிக் கம்பியால் வெட்டும் முறை) துண்டை இரண்டாக வெட்டுங்கள், தகைவு தளர்ந்து வெட்டு முகம் மைக்ரோமீட்டர் கணக்கில் மேடுபள்ளமாகும், அதை அளந்து, கணினியில் திரும்பத் தட்டையாக அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பாருங்கள். வெட்டியதற்குச் செங்குத்தான தகைவு முழு முகத்துக்கும் படமாகக் கிடைக்கும். சில பத்து மைக்ரோமீட்டர் பிரேசிங் படலத்துக்கு இவை எதுவும் போதாது, அங்கே அயனிக் கற்றையால் நுண் வளையம் செதுக்கி, தளர்வைப் படமெடுத்துக் கணக்கிடுகிறார்கள்.

படி 9: கணினி மாதிரி

சுருக்கமாக: வெல்டுக்கு கோல்டாக் 1984-இல் தந்த இரட்டை நீள்வட்ட வெப்ப மூலம், ஆஸ்டெனிட்டிக் எஃகுக்குக் கலப்புக் கடினமாதல் விதி, 9 குரோமிய எஃகுக்கு மார்ட்டன்சைட் மாற்றம் கட்டாயம், பிரேசிங்குக்குத் தாமிரத்தின் ஊர்தல் கட்டாயம். ஓரத்தில் வரும் உச்ச எண்ணை அப்படியே அறிக்கையில் போடாதீர்கள், கணக்கீட்டு வலையை (மெஷ்) சிறிதாக்க ஆக்க அது ஏறிக்கொண்டே போகும். மாதிரியின் முதல் சோதனை, படி 2-இல் தாளில் போட்ட கணக்கோடு அது ஒத்துப்போகிறதா என்பதுதான்.

படி 10: உலை ஓடும்போது

பிறவித் தகைவு உள்ள இணைப்புக்கு ஆபத்தான நேரம் உலை ஓடும் நேரம் என்று நினைப்போம். ஓரளவுக்கு எதிர்தான். சூடாக இருக்கும்போது இணைப்பு ஒட்டிய வெப்பநிலைக்கு அருகே இருக்கிறது, தகைவு குறைகிறது, டங்ஸ்டனும் வளையும் நிலையில் இருக்கிறது. பராமரிப்புக்காக உலையை நிறுத்தி எல்லாம் குளிர்ந்ததும் தகைவு உச்சம், டங்ஸ்டன் கண்ணாடி. 20 மெகாவாட்டில் பலமுறை சுழற்றிய கட்டிகளில் மேற்பரப்பிலிருந்து கீழ்நோக்கி ஓடும் ஆழமான விரிசலும் இந்த ஏற்ற இறக்கத்தின் வேலைதான். சூட்டில் மேற்பரப்பு அமுங்கி நிரந்தரமாகச் சுருங்கிவிடுகிறது, ஆறும்போது அதே மேற்பரப்பு இழுவைக்குப் போகிறது.

தகைவு தனியாக வந்தால் சமாளிக்கலாம், துணையோடு வந்தால்தான் வினை. குளிர்ந்த காந்தங்களை வெப்பத்திலிருந்து காக்கும் ஐடெரின் வெப்பக் கவசத்தில் நடந்தது அதுதான். வெள்ளி பூசிய எஃகுத் தகடுகளில் ஹீலியம் ஓடும் மெல்லிய குளிரூட்டும் குழாய்களை வளைத்துப் பற்றவைத்திருந்தார்கள். வளைத்ததிலும் வெல்டிலும் வந்த தகைவு ஒரு பக்கம். வெல்டை ஒட்டிய சிறு இடுக்குகளில் தங்கிவிட்ட குளோரின் மிச்சம் மறுபக்கம். இரண்டும் சேர்ந்து தகைவு அரிமான விரிசலாக வளர்ந்து, 2.2 மில்லிமீட்டர் ஆழம்வரை போனதாக 2022 நவம்பரில் அறிவித்தார்கள். உலை ஒருநாள்கூட ஓடவில்லை. அதற்கு முன்பே வளர்ந்த விரிசல் அது. வெல்டுக்குப் பிறகு என்னென்ன திரவத்தில் துண்டு முங்குகிறது, இடுக்கில் எது தங்கும் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக மறு வெல்டிங். டைவர்ட்டரில் 54 கேசட்டுகள் (கழற்றி மாற்றக்கூடிய பாகங்கள்), மாற்றும்போது குழாய்களை வெட்டித் திரும்பப் பற்றவைக்க வேண்டும். அதற்குள் நியூட்ரான் அடியால் எஃகுக்குள் ஹீலியம் சேர்ந்திருக்கும். வெல்டு சூட்டில் ஹீலியம் எஃகின் படிகத் துகள்களுக்கு இடையிலுள்ள எல்லைகளுக்கு நகர்ந்து குமிழாகிறது, ஆறும்போது வரும் அதே இழுவை அந்தக் குமிழ்களைப் பிடித்துக் கிழிக்கிறது. தடித்த தகட்டுக்கு அணுக்களில் பத்து லட்சத்துக்கு ஒன்று, மெல்லிய குழாய்க்கு மூன்று என்ற அளவில் ஹீலியத்துக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். அதனால் எந்த இடத்தில் வெட்டி ஒட்டுவது என்பதை வரைபடம் போடும்போதே முடிவு செய்து, அந்த இடத்தைப் போதுமான கவசத்துக்குப் பின்னால் தள்ளி வைத்தாக வேண்டும்.